கப்பலின் கொடியும் உன் பாஸ்போர்ட்டும்

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த இரண்டு தாள்களும் கிடைத்தன. ஒன்று, ஐரோப்பியக் கப்பல் நிறுவனத்தின் பதில். கேடட் இடங்கள் தங்கள் நாட்டவருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் மட்டும்தான் என்று இரண்டே வரியில் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, ஏஜென்ட் ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்கு. வேறொரு நாட்டின் சீமேன் புத்தகம், அதன்மேல் 'நிச்சய ஜாயினிங்', எல்லாம் சேர்த்து நாலரை லட்சம். முதல் தாள் தந்த வேதனையில் இரண்டாவது தாளை நம்பத் தொடங்கிவிட்டாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. அக்கா நகைகளை எடுத்து வைத்திருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். போனில் பேசினால் பாதி சொல்லிப் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு வருடம் டிஎன்எஸ் டிப்ளமோ படித்துத் தேறி, நம் நாட்டு சீமேன் புத்தகமான சிடிசியும் வாங்கிய பிறகு, செகண்ட் மேட் பரீட்சைக்கு வேண்டிய பதினெட்டு மாத சீ டைமுக்கு ஒரு கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். நம் தெருவிலேயே எத்தனை பேர் அப்படி இருந்து, கடைசியில் வேறு வேலைக்குப் போனார்கள்.

நீ கேட்டிருப்பது நியாயமான கேள்வி. பனாமாக் கொடி பறக்கும் கப்பலில் பனாமாக்காரர் ஒருவர்கூட இல்லை. கேப்டன் உக்ரைன்காரர், போசன் பிலிப்பைன்ஸ்காரர், முதலாளி கிரேக்கர். இப்படிப் பல நாட்டவரும் கலந்து ஓடும் தொழிலில் என் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து ஏன் கதவடைக்கிறார்கள் என்கிறாய்.

கொடி விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள். உலகக் கப்பல்களின் கொள்ளளவில் மிகப் பெரிய பங்கு லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று கொடிகளின் கீழ் இருக்கிறது. லைபீரியாவின் கப்பல் பதிவேட்டையும் மார்ஷல் தீவுகளின் பதிவேட்டையும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்துகொண்டு நடத்துகிறார்கள். மாலுமி எந்த ஊர்க்காரர் என்பது இந்தக் கொடிகளுக்குப் பொருட்டில்லை. 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான பிணைப்பு இருக்க வேண்டும் என்றது. அது எப்படிப்பட்ட பிணைப்பு என்று வரையறுக்காமல் விட்டுவிட்டது. 1986-இல் வேறொரு உடன்படிக்கை எழுதி, மாலுமிகளில் ஒரு பங்காவது கொடி நாட்டவராக இருக்கட்டும் என்று முயன்றார்கள். போதிய நாடுகள் சேராததால் அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆக, வெளிநாட்டுக் கொடி என்ற ஒன்றே உன்னைத் தடுத்துவிடாது. தடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

சில நாடுகள் சட்டம் போட்டே தடுக்கின்றன. அமெரிக்காவில் 1920-இல் வந்த ஜோன்ஸ் சட்டத்தின்படி, அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அங்கேயே கட்டப்பட்டு, அவர்களுக்கே சொந்தமாய், அவர்கள் கொடியில் ஓட வேண்டும். அமெரிக்கக் கொடிக் கப்பலில் ஆஃபீசர்கள் எல்லாரும் குடிமக்களாகவே இருக்க வேண்டும். மற்ற மாலுமிகளில் கால் பங்குக்கு மேல் நிரந்தரக் குடியேறிகள்கூட இருக்க முடியாது. இந்த மாதிரி இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. நம் நாடும் தன் கடலோரச் சரக்கை இந்தியக் கொடிக்கே முதலில் ஒதுக்கி, வெளிநாட்டுக் கப்பல் வந்தால் லைசென்ஸ் கேட்டுத்தான் வந்திருக்கிறது. தன் கரையில் தன் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று ஒரு நாடு நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

உனக்கு வந்த ஐரோப்பியப் பதிலுக்குக் காரணம் வேறு. அதை யாரும் உனக்கு விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் மதிப்பெண்ணையோ ஆங்கிலத்தையோ பார்த்து அவர்கள் மறுக்கவில்லை. அங்கே பல நாடுகளில் டன்னேஜ் வரி என்று ஒரு முறை உண்டு. லாபத்தின் மேல் வரி போடாமல், கப்பலின் கொள்ளளவை வைத்துக் கணக்கிட்டு மிகக் குறைந்த வரி வாங்குவார்கள். பிரிட்டன் 2000-ஆம் ஆண்டில் இதைக் கொண்டுவந்தபோது ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. சலுகை வாங்கும் நிறுவனம், தன்னிடம் உள்ள பதினைந்து ஆஃபீசர் இடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு கேடட் என்ற கணக்கில் புதியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். அந்தக் கேடட் தங்கள் நாட்டவராக அல்லது ஐரோப்பியராக இருந்தால்தான் கணக்கில் சேரும் என்றும் அந்த நிபந்தனை சொன்னது. ஒரு கப்பலில் கேடட்டுக்கு ஒதுக்கும் கட்டில் ஒன்றோ இரண்டோதான். உன்னை எடுத்தால் அந்தக் கட்டிலும் போய், வரிக் கணக்கிலும் உதவாது. அதே நிறுவனம் நாளை நீ செகண்ட் மேட் சர்டிபிகேட்டோடு போய் நின்றால் வேறு விதமாகப் பேசும். பயிற்சி பெற்ற ஆஃபீசரை வேலைக்கு எடுப்பதில் இந்த நிபந்தனை குறுக்கே வருவதில்லை.

இப்போது நம் பக்கம் வா. இந்தியாவும் 2004-இல் டன்னேஜ் வரியைக் கொண்டுவந்தது. இங்கேயும் சலுகை வாங்கும் நிறுவனம் கேடட்களுக்குப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் உன்னை வெளியே நிறுத்திய அதே ஏற்பாடு இங்கே உனக்காக இடம் வைத்திருக்கிறது. உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: மும்பை நிறுவனம் ஒன்று பழைய பல்க் கேரியருக்குக் கேடட்டாகக் கூப்பிடுகிறது, பாரதீப்பிலிருந்து தூத்துக்குடிக்கு நிலக்கரி கொண்டுவரும் வேலை, 'அதற்குப் போனால் ஊரில் என்ன சொல்வார்கள்' என்று. மருமகனே, ஊர் சொல்வதைக் கேட்டு சீ டைமைத் தள்ளிப்போடாதே. அனல் மின் நிலையத்து நிலக்கரிக் கப்பலில் நீ போடும் பதினெட்டு மாதமும் ராட்டர்டாம் போகும் கன்டெய்னர் கப்பலில் போடும் பதினெட்டு மாதமும் செகண்ட் மேட் பரீட்சைக்கு ஒன்றே. கரையை ஒட்டி ஓடும் கப்பலில் மீன்பிடி வள்ளங்களுக்கு நடுவே ராத்திரி வாட்ச் நின்று பழகியவன் கண் எந்தக் கடலிலும் தடுமாறாது. அந்தப் பழக்கத்தை வைத்தே பின்னாளில் சிங்கப்பூர் ஜலசந்தியில் தெம்பாக நின்ற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்டிபிகேட் வாங்கிய பிறகு இன்னொரு வாசல் வரும். அது காகிதத்தின் வாசல். எஸ்டிசிடபிள்யூ என்ற உடன்படிக்கையின்படி, ஒரு நாடு கொடுத்த தகுதிச் சான்றை இன்னொரு நாட்டுக் கொடி தானாக ஏற்றுக்கொள்ளாது. நம் நாட்டின் படிப்பையும் பரீட்சையையும் அந்த நாடு பார்த்து, இரண்டு அரசுகளுக்கும் இடையே ஏற்பாடு இருந்து, உன் சர்டிபிகேட்டுக்கு அந்தக் கொடியின் எண்டார்ஸ்மென்ட் கிடைத்தால்தான் ஆஃபீசராக வேலை பார்க்கலாம். விண்ணப்பித்த அத்தாட்சி இருந்தால் மூன்று மாதம்வரை பொறுப்பார்கள். இதில் நமக்குப் பெரிய சிரமம் இல்லை. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள், சிங்கப்பூர் என்று முக்கியக் கொடிகள் இந்தியச் சான்றை ஏற்கின்றன. ஆனால் அந்த அங்கீகாரம் ஒரு நாட்டின் பயிற்சித் தரத்தில் தொங்குகிறது. பிலிப்பைன்ஸைப் பார். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2006-லிருந்து அங்கே குறைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஐரோப்பியக் கொடிக் கப்பல்களில் இருந்த ஐம்பதாயிரம் பிலிப்பைன்ஸ் ஆஃபீசர்களின் பிழைப்பு கத்திமுனையில் நின்று, 2023 மார்ச்சில்தான் அங்கீகாரம் தொடரும் என்ற முடிவு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாத திறமைசாலிகள். கல்லூரியும் அரசும் அசட்டையாக இருந்தால் அடி விழுவது பிள்ளைகள்மேல். நீ படித்த கல்லூரியில் லைஃப்போட் பயிற்சியை வெறும் கையெழுத்தோடு முடித்தார்கள் என்று போன வருடம் சொன்னாயே, அந்த மாதிரிக் காரியங்கள்தான் ஒரு நாட்டின் சர்டிபிகேட்டையே கெடுக்கும்.

இனி முதலாளியின் விருப்பம். விளம்பரத்தில் 'பிலிப்பைன்ஸ் நாட்டவர் மட்டும்', 'கிழக்கு ஐரோப்பியர் மட்டும்' என்று போடுகிறார்கள். ஒரே மொழி பேசும் ஆட்கள் இருந்தால் ஆபத்து நேரத்தில் குழப்பம் வராது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்த நாட்டில் அவர்களுக்கு மேனிங் அலுவலகம் இருக்கிறதோ அந்த நாட்டவரையே எடுப்பதும் வழக்கம். விசாவும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கத் துறைமுகம் போகும் கப்பலில் ஒவ்வொரு மாலுமியும் தனித்தனியாக சி1/டி விசா வைத்திருக்க வேண்டும். எந்த நாட்டவருக்கு அது எளிதில் கிடைக்காதோ அவரை எடுக்கவே யோசிப்பார்கள். 2025 ஜூனில் அமெரிக்கா சில நாட்டவர்களுக்கு நுழைவை முழுதாக மூடியபோது அந்தப் பட்டியலில் மியான்மரும் இருந்தது. அங்கிருந்து ஏராளமானோர் கப்பலுக்கு வருகிறார்கள். அரசுகளின் முடிவுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் பல நிறுவனங்கள் ரஷ்ய மாலுமிகளை எடுக்கத் தயங்கின.

நமக்கும் இது நடந்திருக்கிறது. 2020-இல் ஆஸ்திரேலிய நிலக்கரியோடு சீனா போன ஜக் ஆனந்த், அனஸ்தாசியா என்ற இரண்டு கப்பல்களைச் சரக்கு இறக்கவும் விடவில்லை, ஆள் மாற்றவும் விடவில்லை. இரண்டிலும் சேர்த்து 39 இந்திய மாலுமிகள். சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்தான் தகராறு. மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடந்தவர்கள் நம் பிள்ளைகள். 2021 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போய்த்தான் அவர்கள் இறங்க முடிந்தது. அந்த வருடமே நம் நாட்டில் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது, இந்தியாவிலிருந்து வரும் மாலுமிகளை ஏற்றிக்கொள்ளச் சிங்கப்பூர் உட்படப் பல துறைமுகங்கள் மறுத்தன. கான்ட்ராக்ட் கையெழுத்தான பிறகும் ஊரிலேயே உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். பாஸ்போர்ட்டின் மதிப்பு உலக அரசியலோடு ஏறி இறங்கும். அது இறங்கும் நாளில் உன் தகுதி இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

எனக்கு மனம் ஆறாத விஷயம் சம்பளம். ஒரே கப்பல், ஒரே பதவி, ஒரே வாட்ச்; போலந்துக்காரர் கையில் ஒரு தொகை, நம்மவர் கையில் அதைவிடக் குறைந்த தொகை. என்னோடு வேலை பார்த்தவரின் சம்பளச் சீட்டை மெஸ் மேசையில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரும் நல்ல மனிதர், அவருக்கே கூச்சமாகிவிட்டது. இந்த வித்தியாசத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1823-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டம், லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்தவர்களாகவே இருந்தாலும் பிரிட்டிஷ் மாலுமிகள் ஆக மாட்டார்கள் என்று எழுதி வைத்தது. நூறு வருடம் கழித்து, 1925-இல், நிறத்தை வைத்து ஓர் ஆணை: கறுப்பு, பழுப்பு நிற மாலுமிகள் பிரிட்டிஷ் பிரஜை என்று காகிதம் காட்ட முடியாவிட்டால் அந்நியராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 2010-இன் சமத்துவச் சட்டத்தை ஒட்டி மறு வருடம் வந்த கப்பல் விதிகள்கூட, வெளிநாட்டில் வேலைக்கு எடுத்த நம்மைப் போன்றவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதை முழுதாகத் தடுக்கவில்லை.

அந்தக் குறைந்த கூலி நம்மை மட்டும் பாதிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள். 2022 மார்ச் 17-ஆம் தேதி பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் நிறுவனம் பிரிட்டனில் 786 மாலுமிகளை முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் இடத்தில் ஏஜென்சி மூலம் வெளிநாட்டு மாலுமிகளைக் கொண்டுவந்தது. கப்பல்கள் சைப்ரஸ், பஹாமாஸ் போன்ற கொடிகளில் இருந்தன. புது ஆட்களுக்குச் சராசரி மணிக்கு ஐந்தரை பவுன் என்று நிறுவனத்தின் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். அப்போது அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி 8.91 பவுன். அந்த ஆத்திரத்தில்தான் 2023-இல் மாலுமிகளின் கூலிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வேலை போன டோவர் ஊர்க்காரரும் அவர் இடத்துக்கு வந்த ஆசிய மாலுமியும் ஒருவருக்கொருவர் எதிரிகள் இல்லை. இருவரையும் மோதவிட்டு மிச்சம் பிடித்தவர்கள் வேறு. பிலிப்பைன்ஸ்காரர்மேல் உனக்குக் கோபம் இருப்பதாகக் கடிதத்தில் தெரிகிறது. அதை விட்டுவிடு. நாளை அவரோடுதான் ஒரே கேபின் வரிசையில் தூங்கப்போகிறாய்.

அதனால் ஆஃபீசர்களுக்கான மாரிடைம் யூனியனில் சேர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ வகுத்த குறைந்தபட்சம் என்று ஒன்று உண்டு. ஏபி என்ற தேர்ந்த மாலுமி ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 690 டாலர். அதற்கு மேல் யூனியன் ஒப்பந்தங்கள் உண்டு. எந்த ஒப்பந்தத்தின் கீழ் உன்னை எடுக்கிறார்கள் என்று கேட்க வெட்கப்படாதே. மேலே போகப் போக, அதுவும் டேங்கர் அனுபவம் சேர்ந்துவிட்டால், நாட்டை வைத்து வரும் சம்பள வித்தியாசம் குறையும். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள பெரிய கப்பல் மேலாண்மை நிறுவனங்கள் இந்திய ஆஃபீசர்களை நம்பியே பல கப்பல்களை ஓட்டுகின்றன. அங்கே உன் பாஸ்போர்ட் ஒரு சிபாரிசு.

இப்போது அந்த ஏஜென்ட். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. வேறு நாட்டு சீமேன் புத்தகம் வாங்கினால் உன் நாடு மாறாது; நீ இந்தியன்தான், விசா கேட்கும் இடத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டைத்தான் நீட்டுவாய். நான் மேலே எழுதிய தடைகளில் ஒன்றைக்கூட அந்தப் புத்தகம் நீக்காது. கடல் தொழிலாளர் உடன்படிக்கையை நம் நாடு 2015-இல் ஏற்றது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி ஆகியவற்றின் செலவு உன்னுடையது. விசாச் செலவுகூடக் கப்பல்காரரைச் சேரும். பணம் கேட்ட அந்த நிமிடமே அவர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். கப்பலுக்கு ஆள் எடுக்க நம் அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் வேண்டும். எண்ணைக் கேள், டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் நீயே சரிபார். லைசென்ஸ் இல்லாதவர் ஏற்றிவிட்ட கப்பலில் நீ போடும் மாதங்களைப் பயிற்சிக் காலமாக ஏற்காமல் போனால், பணமும் போய் வயதும் போய்விடும்.

அப்படிப்பட்ட ஏஜென்ட்கள் ஏற்றிவிடும் கப்பல்கள் பெரும்பாலும் வயதானவை, இன்ஷூரன்ஸ் சந்தேகம், முதலாளி யாரென்றே தெரியாதவை. 2024-இல் உலகம் முழுவதும் 312 கப்பல்கள் மாலுமிகளோடு கைவிடப்பட்டன என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. நடுக்கடலிலும் நங்கூரத்திலும் விடப்பட்ட 3,133 பேரில் 899 பேர் இந்தியர்கள். வேறெந்த நாட்டவரும் இத்தனை பேர் இல்லை. சம்பளமும் இல்லாமல், குடிதண்ணீரும் குறைந்து, இறங்கவும் முடியாமல் இருந்த நம் ஊர்ப் பையன் ஒருவனின் தாயோடு நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறேன். அக்காவை அப்படி ஒரு நிலைமையில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே நான் சொல்வதைச் செய். மும்பை நிறுவனத்துக்கு இந்த வாரமே சம்மதம் எழுது. போகும் முன் வேலை ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வாங்கு. கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண், ஸ்டைபண்ட், எத்தனை மாதம், திரும்பி வரும் செலவு யாருடையது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிடிசி, இண்டோஸ் எண், மருத்துவச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு செட்டை அம்மாவிடம் கொடு. கப்பலில் பயிற்சிப் பதிவேட்டை அன்றன்றே எழுதி சீஃப் ஆஃபீசரிடம் கையெழுத்து வாங்கு. கடைசி மாதத்தில் மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிப்போடாதே. கரைக்கு வரும்போது அமெரிக்க விசாவுக்கு நிறுவனம் மூலமே விண்ணப்பி.

நகைகளை பீரோவிலேயே வைக்கச் சொல். ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கு. தர மறுத்தால் எனக்குப் போன் செய், நான் நேரில் வருகிறேன். மும்பையிலிருந்து ஒப்பந்தத் தாள் வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா